குலுங்கும் சொற்களும் பூட்டிய அலமாரியும்

(சொற்புதிர் ஆர்வலர் கூட்டம் ஒன்றில் பேசியது. எழுத்துக்காகச் சற்றே திருத்தியிருக்கிறேன், அவையடக்கத்தைத் திருத்தவில்லை.)

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என்னைப் பற்றி எனக்கே தெரியாத பல நல்ல செய்திகளைச் சொன்ன செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியைக் கருணையோடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, எனக்குப் பின்னால் பேசவிருப்பதால் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் கவிஞர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசையில் பென்சிலும் அழிரப்பருமாக உட்கார்ந்திருக்கும் என் இனத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒலிபெருக்கித் தம்பிக்கும் தனியாக ஒரு வணக்கம். நான் மேடை ஏறியதும் இந்த மைக்கைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கினார். அதுவரை ஊமையாக இருந்தது பேச ஆரம்பித்தது. நான் இன்றைக்குப் பேச வந்தது அதைத்தான். அவர் இரண்டு வினாடியில் செய்துவிட்டார், எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்பது நம் பழமொழி. உறவைப் பற்றிச் சொன்னது. எனக்கு இது சொற்களைப் பற்றிய பழமொழி. இதைச் சொல்லும்போது நம்மில் பாதிப் பேர் 'தசை' என்போம், பாதிப் பேர் 'சதை' என்போம். எது சரி என்று கேட்டால் சண்டை வரும். இலக்கண உரைகாரர்கள் சண்டையே போடவில்லை. தசை என்பது சதை ஆவதை 'எழுத்து நிலைமாறுதல்' என்று சொல்லி, கூடவே ஒரு பட்டியலும் கொடுத்துவிட்டார்கள். வைசாகி வைகாசி ஆனது. நாளிகேரம் நாரிகேளம் ஆனது. தேனீயைக் குறிக்கும் ஞிமிறு மிஞிறு ஆனது. சிவிறி விசிறி ஆனது. யோசித்துப் பாருங்கள்: ஆடுவதற்கென்றே பிறந்த பொருள் விசிறி. அதன் பெயரும் ஆடியிருக்கிறது! சதை ஆடும் என்று சொல்லும் பழமொழியில் அந்தச் சொல்லே ஆடி நிற்கிறது. இதற்கு மேல் ஒரு புதிர்க்காரனுக்கு என்ன வேண்டும்?

ஆக, சொல்லைக் குலுக்கிப் பார்ப்பது வெளியிலிருந்து வந்த சரக்கு, நமக்கு ஒட்டாது என்று சொல்பவர்களுக்கு என் முதல் பதில் இந்தப் பட்டியல்தான். தொல்காப்பியம் 'பிசி' என்று விடுகதைக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்றைச் சம்பந்தர் பதிகமாகவே பாடியிருக்கிறார். ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுச் சொல் காட்டுவதற்கு அக்கரச்சுதகம் என்று பெயர் வைத்து அணியிலக்கணத்தில் சேர்த்திருக்கிறார்கள். குறுக்கெழுத்துக் கட்டம் மட்டும்தான் நம்மிடம் இருக்கவில்லை.

இன்றைக்கு மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, குறுக்கெழுத்து வந்த வரலாறு. இரண்டு, குலுங்குதல், நடுங்குதல், அதிர்தல் என்று வரும் சொற்களும் அவற்றை வைத்து ஆடும் ஆட்டமும். மூன்று, குழந்தைகளுக்குப் புதிர் அமைப்பது எப்படி. மூன்றாவதுதான் முக்கியம், அதற்கு நிறைய நேரம் வைத்திருக்கிறேன்.

வரலாற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டார். அவர் பிறந்தது லிவர்பூலில். அவர் வைத்த பெயர் 'வேர்ட் கிராஸ்'. சில வாரத்தில் அச்சில் சொல் முன்பின் மாறி 'கிராஸ் வேர்ட்' ஆகிவிட்டது, அதுவே நிலைத்தது. அதாவது இந்த விளையாட்டின் பெயரே குலுங்கி விழுந்த பெயர். 1924இல் முதல் குறுக்கெழுத்துப் புத்தகம் வந்தது. அதே 1924இல்தான் நம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் வெளிவரத் தொடங்கியது. ஆறு தொகுதிகள் முடிய 1936 ஆனது; லட்சத்துக்கு மேல் சொற்கள். அவர்கள் கையில் கட்டம், நம் கையில் சொற்களஞ்சியம். இரண்டும் ஒரே வருடம் கண்விழித்தன. இந்த வருடத்தை நினைவில் வையுங்கள், அப்புறம் தேவைப்படும்.

குறுக்கெழுத்து ஒரு படைத் தலைமையையே ஆட்டிப்பார்த்த கதையும் உண்டு. 1944, இரண்டாம் உலகப் போர். நார்மண்டியில் படை இறங்க நாள் குறித்தாயிற்று, ஜூன் 6 என்பது பின்னால் தெரிந்த தேதி. லண்டன் 'டெய்லி டெலிகிராப்' புதிரில் மே தொடங்கி ஜூன் முதல் தேதி வரை வந்த விடைகளைப் பாருங்கள்: யூட்டா, ஒமாகா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன். ஐந்தும் அந்தப் படையிறக்கத்தின் ரகசியக் குறியீட்டுப் பெயர்கள்! உளவுத்துறை ஆடிப்போனது. புதிர் அமைத்தவர் லெனர்ட் டாவ் என்ற தலைமை ஆசிரியர். அவரைப் போய் விசாரித்தார்கள். அவருக்கு ஒன்றுமே தெரியாது. பல வருடம் கழித்து ஒரு பழைய மாணவர் சொன்னார்: கட்டத்தை நிரப்பச் சொற்கள் கொடுத்தது பையன்களாகிய நாங்கள், பக்கத்தில் முகாமிட்டிருந்த சிப்பாய்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கொடுத்தோம் என்று. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பள்ளிக்கூடப் பையன்களைத் தெரிந்தவன் என்ற முறையில் நான் நம்புகிறேன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

மறைபொருள் வைத்து அமைக்கும் குறுக்கெழுத்தில் ஒரு குறிப்புக்கு இரண்டு பாதி. ஒரு பாதி விடையின் பொருள். இன்னொரு பாதி விடையைச் செய்யும் முறை. எழுத்துகளை இடம் மாற்ற வேண்டும் என்றால் அதற்கு ஒரு கண்சாடை வேண்டும். ஆங்கிலப் புதிரில் 'ஷேக்கன்' என்று வரும். தமிழில் குலுங்கி, கலங்கி, ஆடி, சிதறி, பதறி. இந்தச் சொல் கண்ணில் பட்டால் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பிடித்து உலுக்கு என்று பொருள்.

ஒரு எளிய குறிப்பு. 'கரம் குலுக்கினால் ஒரு வகை', மூன்று எழுத்து. (பின்வரிசையில் யாரோ சொல்லிவிட்டார்கள்.) ஆமாம், ரகம். கை குலுக்குவது என்றுதான் நாம் படித்துக்கொண்டு போவோம். கரம் என்ற சொல்லைக் குலுக்க வேண்டும் என்று மனம் திரும்பும் அந்த அரை வினாடிதான் சுகம். இன்னொன்று: 'தாமரை ஆடினால் பேச்சு', நான்கு எழுத்து. தாமரைக்கு வனசம் என்று ஒரு பெயர். வனசம் ஆடினால் வசனம். இதை நாடகக்காரர்கள் முன்னால் சொன்னால் கைதட்டு நிச்சயம். கவிஞர்கள் முன்னால் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன், கவிஞர் அவர்கள் முகத்தில் அசைவில்லை.

தமிழில் குலுக்குவதற்கு ஒரு வசதி இருக்கிறது, ஆங்கிலத்துக்கு அது கிடையாது. நமக்கு எழுத்து 247. கேட்டவுடன், அம்மாடி, இவ்வளவையும் கட்டத்தில் எப்படி அடக்குவது என்று பயம் வரும். ஆனால் எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று தொல்காப்பியத்திலேயே வரையறை இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்து முதலில் வராது. ட, ற, ண, ன, ள, ழ முதலில் வராது. ல, ர இரண்டும் வந்தால் பெரும்பாலும் இரவல் சொல், நம் ரகத்தைப் போல. ஆக, என்னதான் குலுக்கினாலும் பாதி எழுத்து மேலே ஏறாது. பானையை எவ்வளவு ஆட்டினாலும் கல் அடியில்தான் கிடக்கும் என்பது மாதிரி. கரம் என்ற சொல்லில் ம் முதலில் வராது என்றால் மீதி நான்கே வழி. அதில் கம்ர, ரம்க இரண்டும் வாயில் நுழையாது. முடிந்தது வேலை. தமிழில் இது சரிவராது என்று சொல்பவர் ஒரு தடவைகூடக் குலுக்கிப் பார்க்காதவர்.

இப்போது தலைவர் அம்மா அவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு கதை சொல்கிறேன். ஏன் மன்னிப்பு என்பது குறிப்பைக் கேட்டால் தெரியும்.

எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயா ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே வேலை, கணக்கு நோட்டில் கட்டம் போட்டுப் புதிர் எழுதுவது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தாளைக் கொடுப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். மதிப்பெண் உண்டு. நான் அப்போது வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவன். ஆனாலும் மதிப்பெண் உண்டு.

ஒரு வாரம் எல்லாக் கட்டமும் நிரம்பி ஒன்று மட்டும் நின்றது. குறிப்பு இதுதான்: 'தலைவி குலுங்க நடுக்கம்', மூன்று எழுத்து. குறுக்கே போகும் சொல்லிலிருந்து கடைசி எழுத்து லை என்று தெரிந்துவிட்டது. தலைவியைக் குலுக்கினேன். (தலைவர் அம்மா சிரிப்பதால் தைரியமாகத் தொடர்கிறேன்.) மூன்று எழுத்துக்கு ஆறு வழி. லையில் முடிவது இரண்டு: ஒன்று தவிலை, இன்னொன்று விதலை. விதலை என்று ஒரு சொல்லை நான் பிறந்தது முதல் கேட்டதில்லை. தவில் எனக்குத் தெரியும். தவிலை அடித்தால் அதிரும். அதிர்வுதானே நடுக்கம்? பேனாவாலேயே எழுதிவிட்டேன். பென்சிலால் எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஐயா தாளை வாங்கினார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார், பார்த்தார்.

"ஏம்ப்பா, இது என்ன?"

"தவிலை, ஐயா."

"தவிலை என்ன பண்ணணும்?"

"அடிக்கணும், ஐயா."

"அடி. அடிக்கிற அடியில் அந்த 'ஐ' உதிர்ந்துவிடும். தவில்தான் மிஞ்சும். இரண்டாம் வேற்றுமை உருபைக் கையில் பிடித்துக்கொண்டு என் கட்டத்துக்குள் வராதே. போய் அகராதி பார்."

"விதலைதானா ஐயா?"

"அகராதி பார்."

அவ்வளவுதான். அவரிடம் விடை வாங்கவே முடியாது. கட்டபொம்மனிடம் வரி வாங்குகிற மாதிரி.

என்னிடம் இருந்தது கையகல அகராதி. அதில் விதவிதமாக, விதண்டாவாதம், விதானம் எல்லாம் இருந்தது, விதலை இல்லை. நூலகத்துக்குப் போனேன். எந்த நூலகம் என்று கேட்காதீர்கள், எல்லா நூலகமும் அதுதான். பெரிய அகராதி இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் தங்க எழுத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றது. பூட்டியிருந்தது. சாவி ஒருவரிடம் இருக்கிறது, அவர் விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை போனேன். அவர் வந்திருந்தார், சாவி வரவில்லை. புதன்கிழமை போனேன். சாவியும் இருந்தது, அவரும் இருந்தார். ஆனால் பதிவேட்டில் எழுத வேண்டுமாம். பெயர் எழுதினேன். தொழில் எழுதினேன். அடுத்த பத்தி 'நோக்கம்'. எனக்கு அந்த நேரத்தில் மனசில் ஒரே ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கை தானாக எழுதிவிட்டது: நடுக்கம்.

அவர் பதிவேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உடம்புக்கு முடியலையா சார்? வைத்தியப் புத்தகம் மாடியில இருக்கு" என்றார்.

விளக்கிச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம். அப்புறம் சாவியைப் போட்டால் கதவு திறக்கவில்லை. மழையில் ஊறிய மரம், இறுகிப்போயிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து அலமாரியைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினோம். அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசியில் திறந்தது. உள்ளிருந்து ஒரு வாடை. கடைசித் தொகுதியைத் தூக்கினேன். கனம் குறைவாக இருந்தது. பிரித்தால், நடுவில் பெரிய பள்ளம். கறையான்!

கறையானுக்குப் பழந்தமிழில் என்ன பெயர் தெரியுமா? சிதலை. 'சிதலை தினப்பட்ட ஆல மரத்தை' என்று நாலடியார் பாடுகிறது. விதலையைத் தேடிப் போன என்னைச் சிதலை வரவேற்றது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

மெதுவாக ஏட்டைப் பிரித்துப் பிரித்து அந்தப் பக்கத்துக்கு வந்தேன். விதலை இருந்தது! பக்கத்தில் பொருள். 'நடுக்' வரைக்கும் இருந்தது, அதற்கப்புறம் ஓட்டை. மிச்சம் இரண்டு எழுத்தை நானே நிரப்பிக்கொண்டேன். அகராதியே குறுக்கெழுத்தாகி என் கையில் உட்கார்ந்திருந்தது.

அந்த 'நடுக்' மேடைக்காகச் சேர்த்தது, வீட்டில் சொன்னபோது பாதிப் பக்கமே இல்லை என்றுதான் சொன்னீர்கள் என்று என் மனைவி சொல்வாள். அவள் இன்று வரவில்லை, அதனால் 'நடுக்' நிற்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஐயாவிடம் போய், விதலை என்றால் நடுக்கம், சரிதான் ஐயா என்றேன். "எந்த அகராதி?" என்றார். கறையான் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. தாளைப் பிடித்திருந்த விரல் ஆடியது. "எத்தனை பக்கம் போச்சு?" என்று மட்டும் கேட்டார். புதிரைப் பற்றி அன்றைக்கு அப்புறம் பேசவேயில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதனால்தான் போகிற இடமெல்லாம் ஒன்றையே சொல்கிறேன், நண்பர்கள் கேலி செய்தாலும் சொல்கிறேன். அகராதியைப் பூட்டாதீர்கள். எடுத்து மேசை மேல் வையுங்கள். திருடு போகும் என்கிறார்கள். அகராதியைத் திருடிக்கொண்டு போகிற ஊர் ஒன்று இருந்தால் அங்கே குடியேற நான் தயார். கிழியும் என்கிறார்கள். கிழியட்டும், விரல் பட்டுக் கிழிந்த தாளை ஒட்டலாம், கறையான் தின்ற தாளை என்ன செய்வது? புத்தகத்தை நாலு பேர் தினமும் எடுத்து உதறி வைத்தால் கறையான் அண்டுமா?

கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். சொற்பொருளுக்கு வருகிறேன்.

ஆடிப்போவதற்கு நம்மிடம் எத்தனை சொல்! 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்' என்று தொல்காப்பியம் உரியியல் சொல்கிறது. அங்கேயே அலமரல், தெருமரல் இரண்டும் சுழற்சி என்றும் இருக்கிறது. அதாவது மனம் ஆடுவது வேறு, சுழல்வது வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். துளங்குவது இன்னொன்று, 'கலங்காது கண்ட வினைக்கண் துளங்காது' என்று குறளில் வருகிறதே, அது. விதும்பல் என்றால் நடுங்கல் என்றும் பொருள், ஆசையால் விரைதல் என்றும் பொருள். அவர்வயின் விதும்பல், புணர்ச்சி விதும்பல் என்று காமத்துப்பாலில் இரண்டு அதிகாரத்துக்குத் தலைப்பே அதுதான். பயத்தில் ஆடுவதும் ஆசையில் ஆடுவதும் உடம்புக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று மொழிக்குத் தெரிந்திருக்கிறது. பனித்தல் என்றாலும் நடுங்குதல்தான். குளிரும் நடுக்கமும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

பேச்சு வழக்குக்கு வாருங்கள். குளிரில் வெடவெடக்கும். பயத்தில் வெலவெலக்கும். கட்டடம் கிடுகிடுக்கும். பயந்தவன் நடுநடுங்குவான். இதை மாற்றிப் பாருங்களேன், கட்டடம் வெலவெலத்தது என்றால் யாராவது ஒப்புவார்களா? இரட்டைக்கிளவி பிரிந்து நின்றால் பொருள் இல்லை என்பது இலக்கணம். ஆனால் புதிர்க்காரன் பொல்லாதவன், 'நடுநடு' என்பதைப் பிரித்து 'மையத்தில் மையம்' என்று குறிப்பு எழுதிவிடுவான். இலக்கணக்காரர்கள் அடிக்க வருவார்கள். ஓடத் தெரிந்தவன்தான் புதிர் எழுத வேண்டும்.

ஆடி என்ற சொல்லை எடுங்கள். மாதம்; கண்ணாடி; ஆடிவிட்டு என்ற வினையெச்சம். 'மாதம் போனால் அதிர்ச்சி', இரண்டு எழுத்து. ஆடி போனால் ஆவணி வர வேண்டும், ஆனால் மனிதன் ஆடிப்போனால் வருவது அதிர்ச்சி! குலை: கொத்தாகக் காய்ப்பது, பயந்தால் நடுங்குவது. அசை என்றால் ஆட்டு என்று பொருள், செய்யுளில் அதுவே நேர், நிரை, மாட்டுக்கு அசைபோடுதல். தூங்கு என்றால் இன்று படுத்து உறங்குவது. பழைய பொருள் தொங்குவது, அசைவது. நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருப்பதால் யானைக்குத் தூங்கல் என்று பெயர். இனி வகுப்பில் தூங்கும் பையனைத் திட்டாதீர்கள், யானை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கம்பம். அசையாமல் நிற்கும் தூணுக்கும் கம்பம் என்று பெயர், நடுக்கத்துக்கும் கம்பம் என்று பெயர். வடமொழியில் இரண்டும் வேறு வேறு வேர், தமிழுக்கு வரும்போது ஒரே வேஷம் போட்டுக்கொண்டன. பூ என்றால் மலர், பூ என்றால் பூமி. இப்போது குறிப்பு: 'மலரும் தூணும் சேர்ந்தால் மண் ஆடும்', ஐந்து எழுத்து. பூகம்பம்! மேலே பார்த்தால் பூவும் தூணும், அழகான மண்டபம். உள்ளே போனால் நிலநடுக்கம். இந்தக் குறிப்பை அமைத்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, பழைய பொருளிலும் வரவில்லை, புதிய பொருளிலும் வரவில்லை.

இடையில் ஒரு சின்னப் புகார். பதட்டம் என்று எழுதுகிறார்கள். பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம். பேச்சில் எப்படியும் போகட்டும், கட்டத்தில் ற்ற வேண்டிய இடத்தில் ட்ட போட்டால் குறுக்கே வரும் சொல் செத்துவிடும். பதற்றப்படுகிறவர்களும் பதறாமல் எழுத வேண்டும்.

பதறு என்றதும் நினைவு வருகிறது. பதறு, கதறு, உதறு, சிதறு, குதறு. முதல் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் ஒரு முழு விபத்தையும் சொல்லிவிடலாம். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதால் எதுகை. வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியில் நான்காம் பகுதி தொடையகராதி. எதுகைச் சொற்களை அடுக்கி வைத்தது. செய்யுள் எழுதுகிறவர்களுக்காகச் செய்தார்; கட்டத்தில் 'தறு' தெரிந்து முதல் எழுத்துத் தெரியாமல் முழிப்பவனுக்கு அதைவிடத் துணை ஏது? அதையும் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கே சுற்றினாலும் அலமாரிக்கே வருகிறேன் என்று செயலாளர் அவர்கள் புன்னகைக்கிறார். வேறு எங்கே போவேன்? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். இன்னொரு கணக்கும் இருக்கிறது: விடுதலை என்ற சொல்லில் டு ஒன்று விழுந்தால் விதலை. நான் கண்டுபிடித்ததில் கொஞ்சம் கர்வப்படுவது இது ஒன்றுக்குத்தான். அகராதியைப் பூட்டாதீர்கள் என்று கேட்கும் எங்கள் விண்ணப்பத்துக்கு நான் கொடுத்த தலைப்பு 'அகராதிக்கு விடுதலை'. தட்டச்சு செய்த தம்பி ஒரு படியில் டுவை விட்டுவிட்டார். 'அகராதிக்கு விதலை'. அதையும் சேர்த்தே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வாங்கிப் படிப்பவர் பொருள் தேடிப் பூட்டைத் திறந்தால் நல்லதுதானே?

1924 என்று ஒரு வருடத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் கட்டத்தைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் போட்டு எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். ரயிலில் போகிறவன், சலூனில் காத்திருக்கிறவன், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவன், எல்லோர் கையிலும். அதற்காகவே அகராதி வாங்கினார்கள், அதற்காகவே அகராதி தேய்ந்தது. நாம் லட்சம் சொல்லைத் தொகுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவிட்டோம். பத்திரிகை ஆசிரியர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். 'தலைநகரம் எது, நதி எது' என்று பொது அறிவுக் கட்டம் போடுவதை வாரத்தில் ஒரு நாளாவது நிறுத்திவிட்டு, சொல்லைக் குலுக்கும் கட்டம் ஒன்று போடுங்கள். விடையை மறுநாளே போடாதீர்கள். ஒரு வாரம் தவிக்கவிடுங்கள். நாலு பேர் நூலகத்துக்குப் போய்ச் சாவி கேட்கட்டும்.

மூன்றாவது செய்தி, குழந்தைகளுக்குப் புதிர் அமைப்பது... மணி அடித்துவிட்டார்கள். தலைவர் அம்மா அவர்களின் கையும் மணியிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கு இன்னொரு கூட்டம் வைத்துக்கொள்வோம். கூப்பிட்டால் வருகிறேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன்.

வாசலில் இடது பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் விண்ணப்பம், பக்கத்தில் நோட்டு. பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். போன கூட்டத்தில் இரண்டு பேனா போய்விட்டது. எழுதவில்லை என்றால் இரண்டு தடவை உதறுங்கள், எழுதும். நோட்டில் 'நோக்கம்' என்று ஒரு பத்தியும் போட்டிருக்கிறேன். பயப்படாமல் நடுக்கம் என்றே எழுதலாம். நன்றி, வணக்கம்.